சங்கிலிக்கு இப்பால்: பொன்முடித் தடங்களும் வழியுரிமையின் வரலாறும்

சற்றே நீண்ட பதிவு. இது என் ஆய்வேட்டின் பகுதி அன்று. வீட்டில் எழுந்த ஒரு கேள்விக்கு நான் தேடிய விடை. பொறுமையுள்ள நண்பர்கள் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

சென்ற மழைக்காலம் ஓய்ந்த நாள்களில் மாமா தொலைபேசியில் அழைத்தார். பொன்முடி மலைப்பகுதியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜீப் ஓட்டுபவர் அவர். தேயிலைத் தோட்டம் செழித்திருந்த காலத்தில் கொழுந்து மூட்டையும் அரிசி மூட்டையும் ஏற்றினார். தோட்டம் நலிந்த பிறகு சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார். தார்ச்சாலையிலிருந்து பிரிந்து காட்டோரமாகப் போகும் ஒரு பழைய தோட்டப் பாதையின் முகப்பில் சங்கிலி போடப்பட்டுவிட்டது என்றார். நகரத்திலிருந்து வரும் மோட்டார் கிளப்புகளும் உள்ளூர் ஜீப் ஓட்டுநர்களும் சேர்ந்து அடிவாரத்திலிருந்து வாகன ஊர்வலம் நடத்தப் போகிறார்களாம். அதற்கு ஒரு மனு வேண்டும். "இது நூறு வருசத்துப் பாதைன்னு எழுதித் தா மக்கா. நீ பழசெல்லாம் படிக்கிற பிள்ளைதானே. நம்ம பக்கத்து நியாயம் நாலு பேருக்குப் புரியணும்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். 'இது நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாதை' என்ற முதல் வாக்கியம் எளிதில் வந்துவிட்டது. அது பொய்யும் அன்று. ஆனால் அடுத்த வாக்கியம் வரவில்லை. நூறு ஆண்டுகளாக அந்தப் பாதையில் போனவர்கள் யார், எதில் போனார்கள் என்று கேட்டவுடன் முதல் வாக்கியமே ஆடத் தொடங்கியது.

1. பாதைகளின் பெயர்கள்

மொழியியல் படித்தவளுக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். தமிழில் 'ஆறு' என்ற சொல்லுக்கு நீரோடும் ஆறு என்ற பொருளைப் போலவே வழி என்ற பொருளும் பழைமையானது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரில் இருப்பது இந்த இரண்டாம் பொருள். அவற்றுள் மலைபடுகடாம் முழுக்க மலைவழியைப் பற்றியது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகவே இருளில் செல்லாமல் தங்கியிருந்து விடிந்த பின் செல்லுங்கள் என்று அந்நூல் கூத்தர்களுக்கு அறிவுரை கூறுகிறது. காட்டுவழிக்கு நேரக் கட்டுப்பாடு என்பது மாவட்ட ஆட்சியர்கள் கண்டுபிடித்த ஒன்று அன்று.

இடைக்காலத்தில் 'பெருவழி' வருகிறது. கோவையை அடுத்துப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய பாதையில் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு நிற்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறித்த சோழர் காலக் கல் அது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று தொலைவைக் காட்டுகிறது. எழுத்தறியாதவரும் எண்ணிக்கொள்ளும்படி குழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பெருவழி என்பது அரசனின் பெயர் பெற்ற, காவலும் தொலைவுக் கல்லும் உடைய வழி. எல்லா வழியும் பெருவழி ஆகிவிடுவதில்லை என்பதை அந்தச் சொல்லே உணர்த்துகிறது.

பொன்முடி, போணக்காடு பகுதிகளில் இன்று வழங்கும் பாதைப் பெயர்களைக் கேட்டால் அந்த மலையின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய தடத்தை மலையாளத்தில் 'ஆனத்தார' என்பார்கள். மனிதக் கால்கள் உண்டாக்கியது ஒற்றையடிப்பாதை. மரம் வெட்டி இறக்குவதற்காகப் போட்டது 'கூப்பு ரோடு'. காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறைவைத்து வெட்டும் காலனியக் கால வனவியல், அந்தக் கூறுக்கு வைத்திருந்த ஐரோப்பியப் பெயரே மக்கள் வாயில் 'கூப்பு' ஆகிவிட்டது. அதற்கு மேல் 'எஸ்டேட் ரோடு'. எல்லாவற்றுக்கும் மேலே, 22 கொண்டையூசி வளைவுகளோடு கல்லாற்றிலிருந்து ஏறும் சுற்றுலாச் சாலை. யானை, கால், மரம், தேயிலை, சுற்றுலா என ஐந்து அடுக்குகள். ஒரே நிலத்தில், பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக.

மாமா சொல்லும் பாதையும் இப்படி ஒன்றுதான். கீழ்ப்பகுதி எஸ்டேட் ரோடு; நடுவே கொஞ்சம் கூப்பு ரோடு; மேலே போகப்போக அது ஒற்றையடிப்பாதை. ஜீப்பின் சக்கரங்கள் அதை இரட்டைத் தடமாக்கியது என் நினைவுக்குள் நடந்த கதை.

2. சுமந்தவர்களின் வழி

பொன்முடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், திருவனந்தபுரத்திலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதற்குத் தென்கிழக்கே எழும் அகத்தியர் மலைத் தொடரின் இரு சரிவுகளிலும், அதாவது திருவனந்தபுரம் பக்கத்திலும் திருநெல்வேலியின் பாபநாசம் பக்கத்திலும், காணிக்காரர் வாழ்கிறார்கள். இவர்களுடைய குடியிருப்பு காணிப்பற்று, தலைவர் மூட்டுகாணி. தங்கள் பேச்சை மலம்பாஷை என்பார்கள். அதைத் தமிழ் என்றும் மலையாளம் என்றும் ஒரு கோட்டில் பிரித்துவிட முடியாது. மலையின் இருபுறத்தையும் இணைத்த ஒற்றையடிப்பாதைகள்தாம் இந்த மொழியையும் இணைத்து வைத்திருந்தன.

இந்தத் தடங்களின் பதிவுபெற்ற வரலாற்றில் ஒரு விந்தையான பக்கம் உண்டு. 1850களில் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலர். காந்தப்புலமும் காற்றழுத்தமும் உயரத்தோடு எப்படி மாறுகின்றன என்று அறிய, அகத்தியர் மலை உச்சியில் ஒரு துணை ஆய்வகம் அமைக்க விரும்பினார். 1855-இல் அமைத்தும்விட்டார். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரமுள்ள உச்சிக்குக் கருவிகளும் கட்டுமானப் பொருள்களும் காட்டின் ஊடே மனிதத் தோள்களில் ஏறின. சில ஆண்டுகள் அங்கே அளவீடுகள் நடந்தன. பின்னர் ஆய்வகம் கைவிடப்பட்டது. அறிவியல் வரலாற்றில் பிரவுனின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. எந்தப் பாதையும் நடப்பதால் உயிரோடு இருக்கிறது, நடை நின்றால் காடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதை அந்த மலை அன்றே காட்டிவிட்டது.

இன்னொரு நிகழ்வு நமக்கு அண்மையது. 1987-இல் இதே மலையில், தாவரங்களைப் பற்றிய மரபறிவை ஆராய ஓர் அறிவியலர் குழு நடந்தது. ஏறி ஏறி அவர்கள் களைத்தார்கள்; வழிகாட்டிய காணி இளைஞர்கள் களைக்கவில்லை. ஒரு செடியின் காயைத் தின்றபடி நடந்தார்கள். கேட்டதும் கொஞ்சம் தயங்கிப் பின் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதென முடிவாயிற்று. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்வு என உலகெங்கும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் அந்தச் செடியின் இலையைக் காட்டிலிருந்து எடுத்து விற்க முனைந்தபோது அதே மக்கள் அனுமதிச் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். வழியை அறிந்தவர்களுக்கு வழியில் உள்ளதன்மேல் உரிமை இருக்கிறதா என்ற கேள்வி அன்றும் தீரவில்லை.

தோட்டத் தமிழர்கள் இந்த மலைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும். எங்கள் பூட்டி கிழக்கிலிருந்து மலையேறி நடந்தே வந்தவர் என்பது வீட்டில் வழங்கும் கதை. லயத்திலிருந்து மருத்துவருக்கு, ரேஷனுக்கு, பக்கத்துத் தோட்டத்துத் திருமணத்துக்கு என அவர்கள் நடந்த குறுக்குப் பாதைகள் எந்த நிலவரைபடத்திலும் ஏறவில்லை. தோட்ட நிர்வாகத்தின் வரைபடத்தில் இருந்தது வண்டி போகும் பாதை மட்டுமே. ஆகவே 'நூறு ஆண்டுப் பாதை' என்று ஆவணத்தோடு நிறுவ முனைந்தால் கிடைப்பது முதலாளியின் பாதை. தொழிலாளியின் பாதைக்கு ஆவணம் வாய்மொழிதான்.

3. சட்டத்தின் வாயில்

காட்டுக்குள் ஒரு வழியை மூட அரசுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூர் தன் முதல் வனச் சட்டத்தை 1880களின் இறுதியில் இயற்றியது. 1893-இல் அதை விரிவாக்கியது. இதே காலத்தில்தான் போர்டில்லன் திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றிய தம் பேரறிக்கையை எழுதினார். பிரிட்டிஷ் இந்தியாவில் 1865, 1878 சட்டங்களைத் தொடர்ந்து 1927-இன் இந்திய வனச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கு 1882-இன் சட்டமும் கேரளத்துக்கு 1961-இன் சட்டமும் உண்டு. எல்லாம் ஒரே மரபில் வந்தவை.

1927 சட்டத்தின் 25ஆம் பிரிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காப்புக்காட்டில் பொதுவழியானாலும் தனியார் வழியானாலும் வன அலுவலர் அதை மூடலாம் என்கிறது அது. ஆனால் இரண்டு நிபந்தனைகள்: அரசின் முன் ஒப்புதல் வேண்டும், போதுமான வசதியுள்ள மாற்றுவழி ஏற்கெனவே இருக்க வேண்டும், அல்லது அமைத்துத் தரப்பட வேண்டும். மாற்றுவழி போதுமானதா என்பதை முடிவு செய்வதும் அரசுதான் என்பது அதன் ஓட்டை. என்றாலும் வழியை மூடுவது என்பது ஒருவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்வது, அதற்கு ஈடு தர வேண்டும் என்ற ஒப்புதல் காலனியச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு மொழியில் பேசுகிறது. சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று அதன் 27ஆம் பிரிவு பட்டியலிடுகிறது: பணியிலுள்ள அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்துரிமை உடையவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவர், இவர்களைச் சார்ந்தோர். நெடுஞ்சாலைக்கு விலக்கு உண்டு. ஒற்றையடிப்பாதைக்கு அந்த விலக்கு இல்லை. சுற்றுலா அடுத்த பிரிவில் வருகிறது, உரிமையாக அன்று, அனுமதியாக. பேப்பாறை 1983-இல் சரணாலயமானபோது அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஒவ்வொரு தடமும் இந்தப் பட்டியலின் கண்ணாடி வழியே பார்க்கப்படலாயிற்று.

1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், 'காடு' என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்றது. ஓர் அகராதிப் பதிவு பல்லாயிரம் ஏக்கர் நிலத்தின் தலையெழுத்தை மாற்றிய நிகழ்வு இது. மொழியியல் மாணவர்கள் யாரும் மறக்கக் கூடாதது. தோட்டம் காடாகுமா என்ற கேள்வியும் பொன்முடிக்குப் புதிதன்று. 2003-இன் கேரளச் சூழல் நுண்மை நிலச் சட்டத்துக்குப் பிறகு, விண்வெளிக் கல்வி நிறுவனத்துக்காகப் பொன்முடியில் தோட்ட நிலம் வாங்கப்பட்டபோது அது பெருஞ் சர்ச்சையானது. அந்த நிறுவனம் இறுதியில் வலியமலையில் எழுந்தது.

4. அடைப்புக்கு எதிராகத் திரண்டவர்கள்

இனி மாமாவின் ஊர்வலத்துக்கு வருகிறேன். வழி அடைப்புக்கு எதிராக மக்கள் திரண்ட வரலாறு உலகெங்கும் உண்டு. அவற்றை ஒன்றுபோல் பார்க்கும்போதுதான் குழப்பம் நேர்கிறது.

1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் சில நூறு தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக அந்த நிலம் மூடப்பட்டிருந்தது. முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. அவர் உட்பட ஐவர் சிறை சென்றார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டமும், 2000-இல் திறந்த வெளியில் நடக்கும் உரிமையும் வந்தன. நடப்பவர்கள் வென்ற கதை இது. ஆனால் இதன் பின்னுரை பலருக்குத் தெரியாது. பழங்காலத்தில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் போன வழி என்று ஏடுகளில் நிறுவினால், அதே வழியில் இன்று மோட்டார் வாகனமும் போகலாம் என்ற வாதம் அங்கே வலுத்தது. குதிரைவண்டிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு சக்கர இயக்க வண்டிகள் புல்வெளித் தடங்களில் இறங்கின. 2006-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால், பதிவேட்டில் ஏறாத அத்தகைய மோட்டார் வழியுரிமைகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. நடை உரிமை நின்றது. சக்கர உரிமை போயிற்று.

அமெரிக்காவில் கதை வேறு. 1866-இன் ஒரு சுரங்கச் சட்டம், பொது நிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலை அமைக்கும் உரிமையை யாருக்கும் வழங்கியது. 1976-இல் அது நீக்கப்பட்டாலும் அதற்கு முன் உண்டான உரிமைகள் காக்கப்பட்டன. விளைவு, மாடு மேய்த்த தடங்களையும் வறண்ட ஓடைகளையும்கூட 'பழைய நெடுஞ்சாலை' என்று உரிமை கோரும் வழக்குகள். 1972-இல் நிக்சனும் 1977-இல் கார்ட்டரும் பிறப்பித்த ஆணைகள், பொது நிலத்தில் தடம் கடந்து ஓடும் வாகனங்களைக் கட்டுப்படுத்தவும், சேதம் கண்டால் தடத்தை மூடவும் வழி செய்தன. எதிர்ப்பும் அமைப்பானது. 2014 மே மாதம் யூட்டா மாநிலத்தின் ரீகேப்ச்சர் பள்ளத்தாக்கில், தொல்குடிகளின் வாழிடச் சிதைவுகளைக் காப்பதற்காக 2007 முதல் மோட்டார்களுக்கு மூடப்பட்டிருந்த தடத்தில், ஒரு மாவட்ட ஆணையரின் தலைமையில் வாகனங்கள் அத்துமீறி ஓடின. அவர் பத்து நாள் சிறையிருந்தார்; 2020 இறுதியில் அதிபரின் மன்னிப்பும் பெற்றார். விடுதலை என்ற சொல் அங்கே உரக்க முழங்கியது. அந்தச் சிதைவுகளைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களிடம் முதலில் கேட்டீர்களா என்ற கேள்வி அவ்வளவு உரக்க எழவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2009-இல் பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டது. பத்தாண்டுக்குப் பின், 2019-இல், அந்தச் சாலையே பகலிலும் மூடப்படலாம் என்ற அச்சம் பரவியபோது சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வயநாடு முழுதும் திரண்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில், 27 கொண்டையூசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைச்சாலையில் இரவுப் போக்குவரத்தைத் தடுக்கும் ஆட்சியர் அறிவிக்கை 2019 ஜனவரியில் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின், 2022 பிப்ரவரி 10 அன்று. தாளவாடி மலைப்பகுதி மக்கள் போராடினார்கள். காய்கறி ஏற்றும் உழவர், கரும்பு ஏற்றும் ஓட்டுநர், இரவில் பேறுகால வலி கண்ட பெண் என அவர்கள் முன்வைத்த காரணங்கள் வாழ்வின் காரணங்கள். உள்ளூர் மக்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் விலக்குகள் கிடைத்தன. கனரக வாகனங்களின் மீது கட்டுப்பாடு நிலைத்தது.

இந்தப் போராட்டங்களின் பேச்சை வாகமண், மூணாறு பக்கத்துப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் வாகமண்ணில் அனுமதியின்றித் தேயிலைத் தோட்டத்தில் நடந்த 'ஆஃப்ரோடு' ஓட்டத்துக்காக ஒரு திரைப்பட நடிகர் உட்படச் சிலர்மேல் வழக்குப் பதிவானது. 2025 ஜூலையில் மூணாறு அருகே ஒரு விபத்துக்குப் பின் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளைத் தடை செய்தது. இந்த இரண்டாம் நிகழ்வில் வீதியில் நின்றவர்கள் சாகசக்காரர்கள் அல்லர். அன்றாடம் ஓட்டினால்தான் அடுப்பெரியும் ஓட்டுநர்கள். அவர்களில் பலர் தமிழர்கள். தடையின் ஒரே வரி, வார இறுதி விளையாட்டுக்காரனையும் வயிற்றுப்பாட்டுக்காரனையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதன் பின் ஊர்வலமும் அவர்களை ஒன்றாக்குகிறது. மாமாவின் பெயரும், நகரத்திலிருந்து மாற்றியமைத்த வண்டியில் வருபவரின் பெயரும் ஒரே மனுவில் வருவது இப்படித்தான்.

5. சக்கரமும் காலும்

காலும் சக்கரமும் ஒரே பாதையில் போனாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. காலடி விழுந்த மண் இறுகும். ஆனால் ஒற்றையடிப்பாதை சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும், கல்லைச் சுற்றும், வேரைத் தாண்டும். வாகனம் நேரே ஏற விரும்பும். ஈரச் சரிவில் சுழலும் சக்கரம் புல்லின் வேரைப் பிய்க்கிறது. இரண்டு பள்ளங்கள் உண்டாகின்றன. அடுத்த மழையில் அவை இரண்டு ஓடைகள். பள்ளம் ஆழமானதும் ஓட்டுநர் அதைத் தவிர்த்துப் பக்கத்தில் ஏறுகிறார். தடம் நான்காகிறது, ஆறாகிறது. 2022 மழைக்காலத்தில், பொறியாளர்கள் கட்டிய பொன்முடிச் சாலையே ஒரு வளைவருகே சரிந்து, மலை பல வாரங்கள் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. கட்டாத தடத்துக்கு அந்த மழை எதைச் செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

சக்கரம் மலைக்குப் பகை என்பதன்று என் வாதம். 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி இதே பொன்முடியில் நடந்தது. இடம் குறித்து, தடம் வகுத்து, நாள் வரையறுத்து நடந்த ஒன்று அது. ஏற்பாட்டோடு வரும் சக்கரமும் 'இது என் பிறப்புரிமை' என்று ஏறும் சக்கரமும் வேறு வேறு.

அடைப்பவர்கள் எப்போதும் சரி என்பதும் என் வாதமன்று. போணக்காட்டிலிருந்து அகத்தியர்கூடத்துக்குப் போகும் தடம் பெண்ணாகிய எனக்கு 2019 ஜனவரி வரை மூடியே இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களுக்கு விலக்கு கூடாது என்ற பின்னரே திறந்தது. உச்சியில் பெண்கள் ஏறுவது தங்கள் வழிபாட்டு மரபுக்கு மாறு என்று காணி மக்கள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். என் உரிமையும் அவர்கள் மரபும் எதிரெதிரே நின்ற அந்த நாள்களில் நான் ஒன்றைக் கற்றேன்: பாதையின் முன் நிற்கும் எல்லோரும் நியாயத்தோடுதான் நிற்கிறார்கள், நியாயங்களுக்குள் வரிசை உண்டு, அந்த வரிசையை யாராவது வெளிப்படையாகப் பேசித்தான் தீர வேண்டும்.

என் வரிசை இது. முதலில் அந்தக் காட்டில் பிறந்து வாழ்பவர்களின் நடை. அடுத்து அங்கே உழைத்து வாழ்பவர்களின் போக்குவரத்து. அதன் பின் காண வருபவர்கள். விளையாட வருபவர்கள் இறுதியில். 2006-இன் வன உரிமைச் சட்டம் இந்த வரிசையை ஓரளவு ஏற்கிறது. காடுவாழ் மக்களின் சமூக உரிமைகளை அது அங்கீகரிக்கிறது. அவர்களுக்கான சாலை உள்ளிட்ட வசதிகளுக்குக் கிராம சபையின் பரிந்துரையோடு, ஒரு எக்டேருக்கும் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. பாதை வேண்டும் என்று கேட்கும் குரல் கிராம சபையிலிருந்து எழ வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஊர்வலத்தின் ஒலிபெருக்கியிலிருந்து எழுவது அதற்கு ஈடாகாது.

6. மனு

இறுதியில் நான் எழுதிய மனுவில் 'நூறு ஆண்டு ஜீப் பாதை' என்ற தொடர் இல்லை. நூறு ஆண்டுகளாகத் தொழிலாளர்களும் காணி மக்களும் நடந்த பாதை என்று எழுதினேன். அடைப்பின் காரணத்தையும் கால அளவையும் எழுத்தில் தர வேண்டும். நடப்பவர்களுக்குச் சங்கிலி பொருந்தாது என அறிவிக்க வேண்டும். அருகிலுள்ள காணிக் குடியிருப்புகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். உள்ளூர் ஓட்டுநர்களைப் பதிவு செய்து, எண்ணிக்கை வரையறுத்து, உறுதியான எஸ்டேட் ரோட்டில் மட்டும், மழை மாதங்கள் நீங்கலாக ஓட்ட விட வேண்டும். கூப்பு ரோட்டுக்கு மேலே எந்த வாகனமும் ஏறக் கூடாது. இவ்வளவுதான்.

மாமா படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரிதான் மக்கா. ஆனா உங்க ஆச்சிக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி அவளை யாரு இறக்கினா? நடந்தா இறக்கினோம்? இந்த ஜீப்புதானே?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. அந்த இரவு எனக்கும் நினைவிருக்கிறது. மழை, லயத்து வாசலில் எரிந்த முகப்பு விளக்குகள், கம்பளியில் சுற்றிய ஆச்சி. சக்கரத்தைப் பற்றி நான் எழுதிய பக்கங்களில் அந்த இரவுக்கு இடம் வைக்கவில்லை. தாளவாடி மக்கள் முதலில் கேட்டது இதைத்தான் என்பதைப் படித்திருந்தும், என் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டேன். மனுவில் ஒரு வரி சேர்த்தேன்: நோயுற்றோரை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு இரவு பகல் எந்நேரமும் சங்கிலி கழற்றப்பட வேண்டும், அதன் சாவி லயத்திலேயே ஒருவரிடம் இருக்க வேண்டும்.

"கிளப்புக்காரனுக இதுல கையெழுத்துப் போடமாட்டானுக" என்றார் மாமா. சொன்னபடியே அவர்கள் போடவில்லை. இதுவரை பதினொரு ஜீப் ஓட்டுநர்களும் லயத்துப் பெண்கள் சிலரும் போட்டிருக்கிறார்கள். மூட்டுகாணி ஒருவரிடம் மனுவை முழுமையாகப் படித்துக் காட்டியிருக்கிறோம். ஊரில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஊர்வலத்தின் நாள் தள்ளிப்போயிருக்கிறது. சங்கிலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மலைப் பாதைகள், கூப்பு ரோடுகள், தோட்டத்துக் குறுக்குவழிகள் ஆகியவற்றின் பெயர்களும் கதைகளும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால் எழுதி வையுங்கள். யார் நடந்தார்கள், எதைச் சுமந்தார்கள், எந்த ஆண்டுவாக்கில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாளை ஒரு வாயிலின் முன் நிற்க நேரும்போது நம்மிடம் கேட்கப்படப் போகும் ஆவணம் அதுதான்.